உன் அறிக்கையில் நான் நோயாளி

மகனே,

இதை நானே எழுதுகிறேன். அக்கா வாணி எழுதித் தரவில்லை. எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். ஒரு பக்கம் நிரம்ப எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. நாலு வரி எழுதினால் எழும்பிக் குசினிக்குள் நடக்கிறேன், பின்வளவில் போய்க் கொடியில் காயும் உடுப்பைத் தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி கதிரைக்கு வருகிறேன். எழுத முடிகிறதே என்ற சந்தோஷத்தில் இருக்க முடியவில்லை. எழுத வேண்டிய விஷயத்தை நினைத்தால் நிற்க முடியவில்லை. என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம் சண்டைக் கடிதமாகப் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான் எழுதப் படிக்கப் பழகிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். வாணியின் மகளைச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. மற்றத் தாத்தாமார் வெளியே நின்று இலங்கை அரசியல் பேசுவார்கள். ஒரு நாள் நல்ல மழை. மீனாட்சி டீச்சர், மதுரைப் பக்கத்துப் பிள்ளை, என்னைப் பார்த்து, "ஏன்யா வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க. யாரும் கடிக்க மாட்டாங்க" என்றார். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் கொப்பியைக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டாள். "கண்ணாடி கொண்டு வரேல்லை பிள்ளை" என்றேன். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் நான் காலம் தள்ளினேன் என்பது உனக்குத் தெரியும். அவள் தன் இளஞ்சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டு, "இப்ப சொல்லுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு தப்ப வழி இல்லை. அடுத்த கிழமை பென்சிலோடு போனேன். இப்போது மிளகாய்த்தூள் பைக்கட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் வாசிக்கிறேன். வாணி கறி வைக்கக் காத்திருப்பாள், நான் பைக்கட்டைக் கொடுக்க மாட்டேன்.

போன மாதம் நீ தொலைபேசியில் பேசியபோது நான் ஒரு சொல்லைத்தான் கேட்டேன். வாறன் என்றாய். ஒரு வருஷம் சிட்னியில் வந்து எங்களோடு இருக்கப்போகிறேன், மருமகள் ஆனுக்கு எங்கே இருந்தும் செய்யக்கூடிய வேலைதான், அவளும் வருவாள் என்றாய். அதற்கு முன்னால் நீ வேறு விஷயமும் சொன்னாய். "இந்த முறை தேர்தலில நிண்டால் துடைச்சு எறிஞ்சிடுவாங்கள் அப்பா. அதுக்கு முதல் நானே வெளிக்கிட்டால் மரியாதை." அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. மகன் வருகிறான் என்று கேட்ட கிழவனுக்கு வேறு எது ஏறும்? அடுத்த நாளே ரயிலில் பரமட்டாவுக்குப் போய் உனக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கினேன். அங்கே பனிக்குள் இருக்கிறவனுக்கு இங்கே கம்பளி எதற்கு என்று வாணி சிரித்தாள்.

திரும்பி வருகிற ரயிலில் நம் கோயிலுக்கு வருகிற ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். அவருக்கு நீ பெரிய ஆள். "அண்ணை, உங்கட மகன் அமெரிக்காவில எம்.பி. எல்லே. என்ர மருமகனுக்கு ஒரு விசா சொல்லி எடுக்கேலாதோ?" என்றார்.

"அவர் மாநிலச் சபையில. விசா மேலிடத்து வேலை" என்றேன்.

"அப்ப ஜனாதிபதியைத் தெரியாதோ?"

"தெரியாது."

"கார், டிரைவர்?"

"தன்ர காரைத் தானே ஓடுறான். சபை கூடுறது வருஷத்தில கொஞ்ச மாதம். மிச்ச நாளில மருந்துக்கடையில வேலை."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப என்னத்துக்கு அண்ணை அவர்?"

நான் உடனே பதில் சொல்லிவிட்டேன், மகனே. பள்ளிக்கூட பஸ் எந்தச் சந்தியில் நிற்க வேண்டும், குளிர்காலத்தில் காசு கட்டாத வீட்டின் ஹீட்டரை நிறுத்தலாமா கூடாதா, கிணற்றுத் தண்ணீர் நாறினால் யாரிடம் போய்க் கேட்பது, இதற்கெல்லாம் ஒருவர் வேண்டாமா என்றேன். பெரிய சபையில் இருக்கிறவர்கள் உலகத்தைப் பார்ப்பார்கள், இவன் வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஒழுங்கையைப் பார்ப்பான் என்றேன். அவர் லிட்கம் ஸ்டேஷனில் இறங்கிப் போனார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்வோடுதான் வீட்டுக்கு வந்தேன், அன்றைக்குப் பின்னேரம்தான் உன் அறிக்கை வந்தது.

வாணி சாப்பாட்டு மேசையில் சந்தோஷமாகச் சொன்னாள். "அப்பா, தம்பி அறிக்கை அனுப்பியிருக்கிறான். வாற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தேர்தலுக்கு மனுக் குடுக்கிற நேரம் முடிஞ்ச உடன வெளியிடப்போறானாம். இங்கத்தைத் தமிழ் ரேடியோவுக்கு எண்டு தமிழிலயும் எழுதியிருக்கிறான். வாசிக்கட்டோ?"

"கொண்டா, நான் வாசிக்கிறன்" என்றேன்.

போனைக் கொடுத்தாள். விரலை வைத்து மெல்ல மெல்லப் போனேன். மருமகன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார், நான் இன்னும் இரண்டாம் வரியில்தான் இருந்தேன். "என் தந்தையாரின் உடல்நிலை தளர்ந்து வருவதால், அவருடைய அந்திம காலத்தை அவருடன் கழிக்க விரும்புகிறேன். ஆகையால் இம்முறை தேர்தலில் போட்டியிடவில்லை." அந்திமம் என்பது ரேடியோவில் மரண அறிவித்தலில் கேட்கிற சொல். அதை என்னைப் பற்றி, என் கண்ணால், என் விரலுக்கு மேலே பார்த்தேன்.

"பிள்ளை, எனக்கு என்ன வருத்தம், என்ன நோய்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்டுமில்லை அப்பா."

"டொக்டர் உனக்கு மட்டும் ஏதும் சொன்னவரோ? மறைக்காமல் சொல்லு."

"ஐயோ, இல்லையப்பா. அது அங்கத்தைச் சம்பிரதாயம். அரசியலை விட்டுப் போறவை எல்லாரும் குடும்பத்தோட நேரம் செலவழிக்கப்போறம் எண்டுதான் எழுதுவினம்."

"எல்லாருக்கும் அப்பா வருத்தமோ?"

மருமகன் சிரித்தார். வாணி சிரிக்கவில்லை. போனை வாங்கித் திருப்பி வாசித்துப் பார்த்தாள். "கொஞ்சம் கூடத்தான் எழுதிப்போட்டான்" என்றாள்.

மகனே, நான் காலையில் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறேன். லிப்ட் இருக்கிறது, நான் படியில்தான் ஏறுகிறேன். சீனி வருத்தம் இருக்கிறது, அது இந்தத் தெருவில் யாருக்குத்தான் இல்லை. நாலு தெரு தள்ளி இருக்கிற கடைக்குப் போய்ப் பத்துக் கிலோ அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறேன், அதற்கு வாணியிடம் ஏச்சும் வாங்குகிறேன். ஒரு நாளைக்கு நான் விழுவேன். அப்போது சொல்லி அனுப்புவேன், நீ வா. இப்போது நீ விழப் பயந்துகொண்டு என்னைப் படுக்கையில் கிடத்துகிறாய்.

பயம் எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பின்னேரம் என்றால் எங்களுக்கு விடியல். வாணி உன் சபையை டி.வி.யில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு ஆங்கிலம் விளங்காது, சுவரில் வாக்குகளைக் காட்டும் அந்தப் பெரிய பலகை விளங்கும். பச்சை என்றால் ஓம், சிவப்பு என்றால் இல்லை. உன் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருநாளும் படிப்புத் தேவைப்படவில்லை. அங்கே இருக்கிற பெயர்களில் உன்னுடையதுதான் ஆக நீளம், பலகையின் ஓரம் மட்டும் போகும். கோழி ஆலைக்காரர் தங்கள் கழிவுத் தண்ணீரைச் சுத்தமாக்கித்தான் ஆற்றில் விட வேண்டும் என்ற சட்டம் வந்த நாள், உன் கட்சிக்காரர் பெயர்களுக்குப் பக்கத்தில் எல்லாம் சிவப்பு. உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை. பக்கத்துக் கதிரைக்காரர் உன் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். நீ அவர் சொன்னதைக் கேட்டாய், தலையை ஆட்டினாய், நெற்றியைத் துடைத்தாய். விளக்கு மாறவில்லை. தேத்தண்ணி ஆறிப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

சட்டம் வென்றது. ஆலைக்காரர் உன் ஊரில் கட்ட இருந்த இரண்டாவது கட்டடத்தைப் பக்கத்து மாநிலத்தில் கட்டப்போவதாகச் சொன்னார்கள். வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் உன்னைச் சூப்பர் மார்க்கெட்டில் மறித்துக் கேட்டார்கள். கிணறு நாறிய வீட்டுக்காரர் ஒருவரும் உனக்காகச் சத்தமாகப் பேசவில்லை. இது எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது உன் கட்சிக்குள்ளேயே ஒருவர் உனக்கு எதிராக மனுக் கொடுத்துவிட்டார், வென்றால் அந்தச் சட்டத்தை இல்லாமல் செய்வேன் என்கிறார். நீ மனுக் கொடுக்காவிட்டால் அவருக்கு எதிரே ஒருவரும் இல்லை. கேள்வி கேட்கக்கூட ஆள் இல்லாமல் அவர் உள்ளே போவார்.

நீ தோற்றதை நான் பார்த்திருக்கிறேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதன்முதல் நீ நின்றபோது அம்மாவும் நானும் அங்கே வந்து இருந்தோம். என்னையும் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாய். கதவு திறந்ததும் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குப் போனால் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீராவது குடிக்காமல் வருவது மரியாதையா என்பது என் நினைப்பு. உன்னோடு வந்த தொண்டர்ப் பெண்ணுக்கு விசர் பிடித்துவிட்டது. ஒரு வாசலுக்கு இரண்டு நிமிஷம்தான், உங்கள் அப்பா சப்பாத்துக்கு நாடா கட்டி முடிக்கவே அது போய்விடுகிறது என்று அவள் சொன்னதை நீ எனக்குச் சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாய். ஒரு வீட்டில் ஒரு மனிதர் உனக்கு ஒருநாளும் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நீ நன்றி சொல்லிவிட்டு வந்தாய். "என்னத்துக்கடா அந்தாளுக்கு நன்றி?" என்று கேட்டேன். "கதவைத் திறந்தவர்தானே அப்பா" என்றாய்.

முடிவு வந்த அன்று நாங்கள் எல்லோரும் உன் சிநேகிதர் டக்கின் கராஜில் இருந்தோம். அந்தக் கராஜ்தான் உன் தேர்தல் காரியாலயம். தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததும் அம்மா அழுதாள். நீ குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று யாருக்கோ போன் எடுத்தாய்.

"ஆருக்கடா எடுத்தனி?"

"வெண்டவருக்கு."

"சண்டைக்கோ?"

"வாழ்த்துச் சொல்ல. இஞ்ச தோத்தவைதான் முதல் எடுக்க வேணும்."

"அவன் உன்னை எங்கயிருந்தோ வந்தான் வரத்தான் எண்டு பேசினவன் எல்லே?"

"ஓம். எண்டாலும் சனம் அவரைத்தானே தெரிஞ்செடுத்திருக்கு."

அடுத்த நாள் டக்கின் வாகனத்தில் ஏறி, ஊரெல்லாம் நட்ட உன் தேர்தல் பலகைகளைப் பிடுங்கப் போனோம். தோற்றவன் தன் பெயரைத் தானே பிடுங்க வேண்டும் என்பது என்ன நாட்டு வழக்கம் என்று நான் மனதுக்குள் திட்டினேன். ஒரு வீட்டில் ஒரு வயதான பெண் ஓடி வந்து, அதைத் தொடாதே, அடுத்த முறைக்கு இருக்கட்டும் என்று மறித்தாள். பனிக்குள் நின்று நீ சிரித்தாய். அடுத்த முறை வென்றாய். உன்னைப் பெற்றதில் எனக்கு ஆகப் பெருமையான நாள் எது என்று கேட்டால், நீ வென்ற நாளைச் சொல்ல மாட்டேன். நீ குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்வேன். அப்படித் தோற்கத் தெரிந்தவன் இப்போது ஏன் பின்கதவால் போகிறாய்?

மரியாதை என்கிறாய். அதைத்தான் நான் இரண்டு கிழமையாக நடந்து நடந்து யோசிக்கிறேன். உன்னை அங்கே அனுப்பியது அந்தச் சனம். உன்னை வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்றால், அந்தக் கோபத்தைப் பெட்டிக்குள் போட அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும். நீ அந்த நாளை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டு, எனக்கு அப்பா வருத்தம் என்று சொல்லிவிட்டு வருகிறாய். அவர்கள் நல்ல சனம், ஐயோ பாவம் என்பார்கள். உன்னை ஏச வந்தவர்கள் எனக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது வேண்டாம்.

டக் தன் முற்றத்தில் நின்ற உன் பலகையை எடுத்துவிட்டார் என்று ஆன் வாணியிடம் சொன்னாளாம். அவருடைய மருமகன் அந்த ஆலை வேலையை நம்பி வீடு வாங்கியவன். நீ அவரிடம் போனாயா என்று வாணி கேட்டாளாம். போனால் கதவைச் சாத்துவார் என்றாயாம். தெரியாதவர்களின் கதவை எல்லாம் தட்டியவன், உனக்குக் கராஜ் தந்தவரின் கதவைத் தட்டாமல் இருக்கிறாய். போ. வாக்குக் கேட்காதே. ஏன் பச்சையை அழுத்தினேன் என்று சொல், அவர் மருமகன் விஷயத்தை அவர் சொல்லக் கேள். அவர் சாத்தினால் சாத்தட்டும். அந்த மனிதரும் நானும் பாஷை தெரியாமல் ஒரு முழுநாள் சேர்ந்து பலகை அடித்திருக்கிறோம். சுத்தியல் விரலில் பட்டபோது அவர் என்ன சொல்லி ஏசினார் என்பது எனக்கு விளங்கியது, நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கும் விளங்கியது. அவர் உன்னோடு பேசாமல் இருக்கிறவர் இல்லை. நீ வரவில்லை என்ற கோபமாகத்தான் இருக்கும். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

நீ வருவது எனக்கு வேண்டாம் என்று நினைக்காதே. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நானும் உன்னைப் போலத்தான். எனக்கு நீ வேண்டும். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் பகலில் என்னோடு பேச ஆள் இல்லை. வாணியும் மருமகனும் விடிய ஓடினால் இருட்டத்தான் வருகிறார்கள். பேத்தியிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, அதுவும் பாதி வாய்க்குள். நீ வந்து இந்தக் குசினியில் இருந்தால் நான் எத்தனை கதை சொல்வேன். கிரான்பர்னில் இருக்கிற சித்தப்பாவைப் பார்க்க மெல்பேர்னுக்குக் காரில் போகலாம், வழியெல்லாம் நீ ஓட்ட நான் ரோட்டோரப் படங்களைப் பார்த்துக்கொண்டு வருவேன். வருகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து என் தூக்கம் போய்விட்டது. அறிக்கையை வாசித்த பிறகும் போர்வையைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, உன் கட்டிலிலேயே விரித்து வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம். எனக்கு ஆகப் பிடித்த விஷயத்தை எடுத்து உன் பயத்துக்குப் போர்வையாகப் போட்டுவிட்டாய்.

மீனாட்சி டீச்சர் இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூட ஆண்டு மலரில் போடக் கேட்கிறார். உன் வெள்ளிக்கிழமை முடிந்த பிறகுதான், அதுவும் நீ சம்மதித்தால்தான் என்று சொல்லிவிட்டேன். இங்கே பிள்ளைகளுக்காக நாடு விட்டு நாடு வந்த பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். பிள்ளைகள் தங்களால் முடியாததற்கெல்லாம் எங்களைக் காரணம் சொல்கிறார்கள். நாங்களும் வாயை மூடிக்கொண்டு காரணமாக இருந்துவிடுகிறோம், அதில் ஒரு சுகமும் இருக்கிறது. எனக்கும் இருந்தது, ஒரு இரண்டு நாள்.

உன் அறிக்கையை நான் திருத்தி எழுதியிருக்கிறேன். அறிக்கை எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, டீச்சரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் போட்டிருக்கிறேன்:

"கோழி ஆலை விஷயத்தில் நான் சரி என்று நினைத்ததைச் செய்தேன். அதற்காக நீங்கள் என்னைத் தோற்கடிப்பீர்கள் என்று பயப்படுகிறேன். ஆகையால் நான் நிற்கவில்லை. என் அப்பா சுகமாக இருக்கிறார்."

இதை அப்படியே ஆங்கிலத்தில் ஆக்கு. சபைப் படிக்கட்டில் நின்று, அந்தச் சனம் பார்க்க, ஒரு முறை சத்தமாக வாசி. வாசிக்க முடிந்தால் அடுத்த விமானத்தில் வா. நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், கட்டில் தயாராக இருக்கிறது. வாசிக்க வாய் வரவில்லை என்றால், மனு வாங்குகிற அலுவலகம் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள் என்று வாணி சொன்னாள். பனிக் காலம், ரோட்டு வழுக்கும். நேரத்தோடு வெளிக்கிடு.

அப்பா